கடல் கொண்டவை எவை? கடல்கோள் மரபும் 2004 ஆழிப்பேரலையும்: ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவின் மேற்குக் கடற்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கமும் அதனால் எழுந்த ஆழிப்பேரலையும் தமிழகக் கடற்கரையில் பெருஞ்சேதத்தை விளைவித்தன. அதன்பின் வந்த தமிழியல் எழுத்துகளில், பண்டை நூல்கள் கூறும் கடல்கோள்களுக்கு இந்நிகழ்வைச் சான்றாகக் காட்டும் போக்கு வலுப்பெற்றது. இக்கட்டுரை அப்போக்கினை மதிப்பிடுகிறது. இறையனார் களவியல் உரை, சிலப்பதிகாரம், கலித்தொகை, மணிமேகலை ஆகியவை எதனை இழப்பாகக் கொள்கின்றன என்பதையும், ஆழிப்பேரலையின் இயற்பியல் அவ்விழப்புகளுக்குப் பொருந்துமா என்பதையும் ஆராய்கிறது. கடலோர மக்களின் இழப்பினைப் புரிந்துகொள்ளக் கடல்கோள் மரபினும் நெய்தல் திணைப் பாடல்களே துணைசெய்யும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: கடல்கோள், ஆழிப்பேரலை, சுனாமி, குமரிக்கோடு, புகார், நெய்தல், பரதவர்

முன்னுரை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில், சுமத்திராவின் வடமேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்தில் புவித்தட்டுகளின் விளிம்பு பிளந்தது. அதனால் எழுந்த பேரலைகள் இரண்டு மணி நேரத்திற்குப்பின் தமிழகக் கடற்கரையை அடைந்தன. இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த நாடுகளில் ஏறத்தாழ 2,27,000 பேர் மாண்டனர். தமிழகத்தில் மாண்டோர் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களுள் முக்கால் பங்கினர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கு மிகுதியான உயிரிழப்பைக் கண்டது தமிழரும் முசுலிம்களும் செறிந்து வாழும் அம்பாறை மாவட்டம்.

இந்நிகழ்வு தமிழ் ஆய்வுலகில் ஒரு பழைய வினாவை மீண்டும் எழுப்பியது. கடல் ஒரு நாட்டை, ஒரு நகரை, ஒரு சங்கத்தைக் கொண்டது என்று கூறும் நூல்களைப் பலர் கற்பனை என்று ஒதுக்கியிருந்தனர். கண்முன்னே கடல் கரையேறிய பிறகு, அந்நூல்களின் கூற்று மெய்ப்பிக்கப்பட்டது என்னும் கருத்து கருத்தரங்குகளிலும் கட்டுரைகளிலும் பரவலாக முன்வைக்கப்பட்டது. முன்பு நிகழ்ந்ததே இப்பொழுதும் நிகழ்ந்தது. இப்பொழுது நிகழ்ந்தமையால் முன்பும் நிகழ்ந்திருத்தல் வேண்டும் என்பது அவ்வாதத்தின் அமைப்பு. இவ்வாதம் அளவையியல் நோக்கில் வட்டச் சுழற்சியுடையது. அதனினும் முதன்மையான குறை ஒன்று உண்டு: 2004இல் மாண்டவர்களை ஒரு தொன்மைக் கோட்பாட்டின் சான்றுப்பொருளாக அது மாற்றிவிடுகிறது. எனவே, நூல்கள் கூறுவனவற்றையும் கடற்கரையில் நேர்ந்தவற்றையும் தனித்தனியே நோக்கி, பின்னர் ஒப்பிடுதல் தேவையாகிறது.

1. மூன்று சொற்கள்

நிகழ்வினைக் குறிக்கத் தமிழில் இன்று மூன்று சொற்கள் வழங்குகின்றன. ‘கோள்’ என்பது ‘கொள்’ என்னும் வினையடியாகப் பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். கொள்ளுதல் என்பது தனதாக்கிக்கொள்ளுதல். கொள்ளப்பட்டது கொண்டவரிடமே நிற்கும். ஆகவே ‘கடல்கோள்’ என்னும் சொல், நிலம் மீளாவகையில் நீருள் சென்றமையைச் சுட்டுகிறது. அச்சொல்லில் வினைமுதல் கடல், செயப்படுபொருள் நிலம். மனிதர்க்கு அதில் இடமில்லை.

‘சுனாமி’ என்னும் சப்பானியச் சொல் ‘துறைமுக அலை’ எனப் பொருள்படும். ஆழ்கடலில் இவ்வலையின் உயரம் சிறிது. அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். படகிலிருப்பவர் அதனை உணர்வதில்லை. கரையை நெருங்கி ஆழம் குறையும்போதே அலை உயர்கிறது. எனவே அலையைச் சேதம் நிகழும் இடத்தால் பெயரிடுகிறது அச்சொல். 2004க்குப் பின் பெருவழக்குப் பெற்ற ‘ஆழிப்பேரலை’ என்னும் தமிழாக்கம் அலையை அதன் அளவால் பெயரிடுகிறது. வந்து மீளும் நீரைக் குறிக்கிறது.

இம்மூன்றும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒன்று நிலைத்த இழப்பையும், ஒன்று சேதம் நிகழும் இடத்தையும், ஒன்று நிகழ்வின் அளவையும் சுட்டுகின்றன. 2004 நிகழ்வினைக் ‘கடல்கோள்’ என எழுதும்போது பழஞ்சொல்லின் பொருள் முழுவதும் புதுநிகழ்வின்மேல் ஏற்றப்படுகிறது. சொல்லாட்சியிலேயே முடிபு அடங்கிவிடுவதால், ஆராய்ச்சிக்கு அங்கு வேலையில்லாமல் போகிறது.

2. நூல்கள் எதனை இழப்பாகக் கணக்கிடுகின்றன?

இறையனார் களவியல் உரையின் முன்பகுதி முச்சங்க வரலாற்றைக் கூறுகிறது. தலைச்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டது. இடைச்சங்கம் கபாடபுரத்தில் இருந்தது. அக்காலத்தில் பாண்டிய நாட்டைக் கடல் கொண்டது என்பது அவ்வுரை தரும் செய்தி. இரண்டு நுட்பங்கள் இங்குக் கவனிக்கத்தக்கன. முதலாவது, பாண்டிய நாட்டைக் கடல் கொண்ட காலத்தைக் கூறுமிடத்து உரையாசிரியர் ‘போலும்’ என்னும் சொல்லைப் பெய்கிறார். தாம் கூறுவது ஊகம் என்பதை அவரே உணர்த்துகிறார். பிற்கால எடுத்தாளுகைகளில் இவ்வொரு சொல் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. இரண்டாவது, முச்சங்கங்களும் நின்ற காலமாகத் தரப்படும் 4,440, 3,700, 1,850 ஆகிய மூன்று எண்களும் 37இன் மடங்குகள். காலக்குறிப்பேடு இவ்வகையான ஒழுங்குடன் அமைதல் அரிது. உரை இங்குச் செய்யும் பணி வேறு: பழைய நூல்கள் ஏன் கிடைக்கவில்லை, தொல்காப்பியம் மட்டும் எவ்வாறு எஞ்சியது என்னும் வினாக்களுக்கு அது விடையளிக்கிறது. அங்கு இழப்பு என்பது நூலிழப்பும் அவையின் இழப்பும் ஆகும்.

சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், மாங்காட்டு மறையோன் பாண்டியனை வாழ்த்தும்போது பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தி வருகிறது. பாண்டியன் கடல்மீது வேலெறிந்தான். அப்பகை பொறாத கடல் அவனது நிலத்தைக் கொண்டது. அவன் வடக்கே கங்கையையும் இமயத்தையும் கைக்கொண்டான் என்பது அதன் கருத்து. இங்கு இழப்பு என்பது ஆறும் மலையும். அவையும் வேந்தனின் வெற்றியைச் சிறப்பிக்கும் பின்புலமாகவே நிற்கின்றன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் கடல் சுவற வேல்விட்ட படலத்தில் இதே கருத்துக்கூறு திசைமாறுகிறது: அங்கு வேல் கடலை வற்றச் செய்கிறது. வேலும் கடலும் எதிர்ப்படும் இக்கருத்துக்கூறு புலவரின் நோக்கிற்கேற்ப இருவகை முடிவையும் ஏற்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

சோழன் நல்லுருத்திரன் பாடிய முல்லைக்கலியின் 104ஆம் பாடலிலும், கடலால் நிலம் இழந்த பாண்டியன் சேர சோழரிடமிருந்து நிலம் கொண்டு ஈடுசெய்த செய்தி ஏறுதழுவற் சூழலில் வருகிறது. இழப்பு அரசின் பரப்பளவு. ஈடு பகைவர் நிலம். அந்நிலத்தில் வாழ்ந்த குடிகள் எங்குச் சென்றனர், புதிய நிலத்தில் முன்பே வாழ்ந்தவர் என்னாயினர் என்பன பாடலின் கவலைகள் அல்ல. அவ்வாறு எதிர்பார்ப்பதும் முறையன்று. புகழ்ச்சிப் பொருண்மையின் இலக்கணம் அது. ஆயின் அதனைப் பேரிடர் ஆவணமாகக் கொள்வோர் இவ்வெல்லையை உணர்தல் வேண்டும்.

மணிமேகலை இவற்றினின்று வேறுபடுகிறது. நெடுமுடிக்கிள்ளி தன் மகனைத் தேடும் துயரில் இந்திரவிழாவை மறந்தமையால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது அக்காப்பியம். காரணம் அறவியல் சார்ந்தது. வேந்தனின் பிழைக்கு ஊர் அழிகிறது. மகாவம்சம் கூறும் களனி திச்ச மன்னன் கதையிலும், துறவி ஒருவரைக் கொல்வித்த பிழையால் கடல் பொங்குகிறது. அரசன் மகள் விகாரமகாதேவி படகிலேற்றிக் கடலில் விடப்படுகிறாள். ஆயினும் மணிமேகலையில் ஒரு சிறப்புண்டு. ஊர் அழிந்தபின் அறவண அடிகளும் மாதவியும் சுதமதியும் ஊர் நீங்கிச் செல்கின்றனர். கடல்கோள் பேசும் பனுவல்களுள் தப்பியவர்களின் பெயரைச் சொல்வதும், அவர்கள் சென்ற வழியைச் சொல்வதும் இக்காப்பியமே. அச்செய்திகூட இன்னும் தனித்து ஆராயப்படவில்லை. ‘நகரம் அழிந்தது’ என்னும் ஒரு வரிச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது.

3. பரப்பளவு பற்றிய உரை மரபு

பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம் 700 காவதம் என்றும், அதில் 49 நாடுகள் இருந்தன என்றும் அடியார்க்கு நல்லார் உரை கூறுகிறது. காவதம் ஒன்றுக்குப் பத்து மைல் எனக் கொள்வாரும் உளர். அவ்வாறாயின் 7,000 மைல் ஆகும். குமரிமுனையிலிருந்து தெற்கு நோக்கி அத்தொலைவை அளந்தால் தென்துருவத்தையும் கடந்துவிடும். அளவைச் சுருக்கிக் கொண்டாலும், மற்றொரு செய்தி இடையூறாகிறது. இழந்த நாட்டிற்கு ஈடாகப் பாண்டியன் பெற்றவை முத்தூர்க் கூற்றமும் குண்டூர்க் கூற்றமும் எனச் சிலப்பதிகார உரைமரபு குறிக்கிறது. 49 நாடுகளுக்கு இரு கூற்றங்கள் ஈடாகா. ஈட்டின் அளவை நோக்கின், மரபின் தொடக்கத்தில் நின்ற இழப்பு ஒரு கடலோரப் பகுதியின் இழப்பாக இருந்திருத்தல் கூடும். காலப்போக்கில் உரைகளில் அதன் பரப்பு பெருகியது என்று கொள்வதே பொருந்தும்.

19ஆம் நூற்றாண்டில் பிலிப் இசுக்கிளேட்டர் என்னும் விலங்கியலார், மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படும் உயிரினங்களின் ஒப்புமையை விளக்க 1864இல் ‘இலெமூரியா’ என்னும் நிலத்தைக் கருதுகோளாக முன்வைத்தார். 1960களில் புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்றபின் அக்கருதுகோள் அறிவியலில் தேவையற்றுப் போயிற்று. தமிழில் அது குமரிக்கண்டம் என்னும் பெயரில் உரைமரபுடன் இணைந்து நின்றது. இவ்விணைவின் வரலாற்றை ஆராய்ந்த சுமதி இராமசாமியின் நூல் வெளிவந்த ஆண்டும் 2004 ஆகும். அவ்வாண்டின் இறுதியில் நேர்ந்த பேரிடர், அவ்வாராய்ச்சி எழுப்பிய வினாக்களை அமைதியுறச் செய்யும் விடையாகப் பலர்க்குத் தோன்றியது. அது விடையாகுமா என்பது அடுத்துக் காணத்தக்கது.

4. ஆழிப்பேரலை நிலத்தைக் கொள்ளுமா?

2004இல் தமிழகக் கடற்கரையில் நீர் நிலப்பாங்கிற்கேற்பச் சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் உட்புகுந்தது. கழிமுகங்கள் வழியே இன்னும் தொலைவு சென்றது. பின்னர் மீண்டது. ஊர்கள் அழிந்தன; ஊர்களின் நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. புகார் இருந்த பூம்புகாரும் அதனையடுத்த வானகிரியும் தரங்கம்பாடியும் பெரிதும் தாக்குண்டன. இன்றும் அவை நிலத்தின்மேலேயே உள்ளன. அலை ஒன்று மட்டுமே ஒரு நாட்டையோ மலைத்தொடரையோ நிலையாக மூழ்கடித்தல் இயலாது.

நிலம் நிலையாக மூழ்கிய இடம் 2004இலும் உண்டு. அது தமிழகக் கரையன்று, பெருநிக்கோபார். இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரைமேல் நின்ற கலங்கரை விளக்கம் நீருள் நின்றது. அதே நேரத்தில் வட அந்தமானின் மேற்குக்கரை உயர்ந்து, பவளப்பாறைகள் நீர்மட்டத்திற்கு மேல் வெளிப்பட்டன. பிளவின் ஒரு பக்கம் தாழவும் மற்றொரு பக்கம் எழவும் செய்வது இவ்வகை நிலநடுக்கத்தின் இயல்பு. ஆகவே சொல்லின் நேர்பொருளில் ‘கடல்கோள்’ என்பது அங்கே நிகழ்ந்தது. அதற்குக் காரணம் நிலத்தின் அசைவு, அலை உடன்விளைவு. புவித்தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று அமிழும் இத்தகைய விளிம்பு குமரிமுனைக்குத் தெற்கே இல்லை.

நிலம் நீருள் செல்லும் வழிகள் வேறும் உள. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டரளவு தாழ்ந்திருந்தது. அன்று இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன. பின்னர்க் கடல்மட்டம் படிப்படியாக உயர்ந்தது. அவ்வுயர்வு பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. ஒரு வேந்தன் காலத்து நிகழ்வாகாது. கரையரிப்பு நூற்றாண்டுக் கணக்கில் நிலத்தைக் குறைக்கிறது. புயலால் எழும் கடற்பெருக்கு ஓரிரவில் ஊரை அழிக்கிறது. 1964 டிசம்பரில் தனுசுக்கோடி அவ்வாறு அழிந்தது. சோழமண்டலக் கரையில் புயல் அடிக்கடி வருவது. ஆழிப்பேரலை அரிதினும் அரிது. புகாரைக் கடல் கொண்டது என்னும் நினைவுக்கு வரலாற்று அடிப்படை தேடுவோர், அரிதான காரணத்திற்குமுன் அடிக்கடி நிகழும் காரணங்களை ஆராய்தல் முறை. மேலும், 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தைப் பாடியுள்ளார். ஆகவே நகர் முற்றாக மறைந்தது என்பதும் காப்பியக் கூற்றாகவே நிற்கிறது.

இதனால் பண்டைக்காலத்தில் இக்கரையை ஆழிப்பேரலை தாக்கவில்லை என்று கொள்ளுதல் கூடாது. தாய்லாந்திலும் ஆச்சேயிலும் கடலோர மணலடுக்குகளை அகழ்ந்த ஆய்வாளர்கள், 2004க்கு ஒப்பான நிகழ்வொன்று ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டளவில் நேர்ந்ததை 2008இல் வெளியிட்டனர். தமிழகத்தில், 2004இல் அலையால் வெளிப்பட்ட கல்வெட்டொன்றைத் தொடர்ந்து மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் அகழ்ந்தபோது, பல்லவர்காலக் கோயிலும் அதன்கீழ் பழைய செங்கற் கட்டுமானமும் கிடைத்தன. அவற்றின் அழிவில் கடலுக்குப் பங்குண்டு என அகழ்ந்தோர் கருதினர். மணலும் செங்கல்லும் தரும் இத்தகைய சான்று ஒவ்வோர் இடத்திற்கும் ஒவ்வொரு காலத்திற்கும் உரியது. பண்டை அலைகளை அறியும் வழி இதுவே. இச்சான்றுகளைக் குமரிக்கோட்டின்மேல் ஏற்றுவதால் இரண்டுமே தெளிவிழக்கின்றன.

5. சேதத்தின் இயல்பு

2004இன் இழப்பினைக் கடலின் செயலாக மட்டும் எழுதும்போது மறைவன பல. முதலாவது காலம். நிலநடுக்கத்திற்கும் அலை வருகைக்கும் இடையே தமிழகக் கரைக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேற்பட்ட இடைவெளி இருந்தது. பசிபிக் பெருங்கடலுக்கு 1949 முதல் எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு 2004இல் அத்தகைய அமைப்பில்லை. ஐதராபாத்தில் இந்திய எச்சரிக்கை மையம் 2007இல் செயற்படத் தொடங்கியது. அந்த இரண்டு மணி நேரத்தை வீணாக்கியது கடல் அன்று.

இரண்டாவது, மாண்டோர் யார் என்பது. கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்களின் தொகை ஆண்களின் தொகையைப்போல் இரு மடங்கினும் மிகுதி. ஆழ்கடலில் படகிலிருந்த ஆண்கள் அலையை உணராமலே தப்பினர். கரையில் மீன் வரவை எதிர்நோக்கியிருந்த பெண்களும் வீட்டிலிருந்த குழந்தைகளும் முதியோரும் மாண்டனர். கடற்கரையில் தொழில் எவ்வாறு பகுக்கப்பட்டிருந்ததோ அவ்வாறே இறப்பும் பகுக்கப்பட்டது. வேளாங்கண்ணியில் கிறித்துமசுக்கு மறுநாள் கூடியிருந்த யாத்திரிகரின் இறப்புக்கு நாட்காட்டி காரணம். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற ஊர்களின் அழிவுக்கு, துறைமுகத்தை ஒட்டி நெருக்கமாகக் குடியிருக்க நேர்ந்த வாழ்க்கைமுறை காரணம்.

மூன்றாவது, துயர்துடைப்பின் ஏற்றத்தாழ்வு. படகும் வலையும் இழந்தவர் இழப்பு எண்ணப்பட்டது. படகில்லாது கூலிக்கு வலையிழுத்தவர், தலைச்சுமையாக மீன் விற்ற பெண்கள், உப்புநீர் புகுந்த வயலில் வேலையிழந்த உழவுத் தொழிலாளர் ஆகியோரின் இழப்பு எளிதில் எண்ணப்படவில்லை. தலித் குடியிருப்புகள் துயர்துடைப்பில் பின்தள்ளப்பட்டமையும், பிணங்களை அகற்றும் பணி பெரிதும் தூய்மைப் பணியாளர்மீதே சுமத்தப்பட்டமையும் அன்றே பதிவு செய்யப்பட்டன. கரையிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் குடியேற்றும் திட்டம் உயிர்க்காப்பு என்னும் நோக்கில் கொண்டுவரப்பட்டது. ஆயினும் கரையைவிட்டு அகலும் மீனவர் கரைமீது கொண்ட உரிமை என்னாகும் என்னும் வினாவையும் அது எழுப்பியது. கலித்தொகைப் பாடலில் பாடப்படாது நின்ற வினா, ஈடாகக் கிடைக்கும் நிலம் யாருடையது, விட்டுச்செல்லும் நிலம் யாருக்கு என்பது, இங்கே நடைமுறைச் சிக்கலாக எழுந்தது. பழம்பாடலுக்கும் இப்பேரிடருக்கும் உண்மையான தொடர்பு தேடுவோர் அதனை இங்குக் காணலாம்.

6. நினைவின் பயன்

நிலநடுக்க மையத்திற்கு மிக அருகிலுள்ள சிமெலுவே தீவில் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்தனர். 2004இல் அங்கு அலையால் மாண்டோர் ஒரு சிலரே. 1907இல் நேர்ந்த பேரலையின் நினைவு ‘சுமோங்’ என்னும் சொல்லில், கதையாகவும் பாடலாகவும் அத்தீவில் நிலைபெற்றிருந்தது. நிலம் வலுவாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடுக என்பது அதன் சாரம். மூன்று தலைமுறைக்குமேல் காக்கப்பட்ட அவ்வாய்மொழி உயிர்களைக் காத்தது.

இதனைத் தமிழ் மரபின் குறையாக உடனே கூறிவிடுதல் நேர்மையாகாது. தமிழகக் கரையில் நிலநடுக்கம் வலுவாக உணரப்படவில்லை. கிழக்குக் கரையின் பெரும்பகுதியில் முதலில் வந்ததே உயர்ந்த அலை. சிமெலுவேயின் அறிகுறிகள் இங்குப் பயன்பட்டிரா. தொலைவிலுள்ள கரைக்கு நிறுவனம் சார்ந்த எச்சரிக்கையே துணை. எனினும் ஒப்பீடு ஒன்றைத் தெளிவாக்குகிறது. அங்கு நினைவு குடிகளிடம் இருந்தது. குடிகள் செய்யவேண்டியதைச் சொன்னது. இங்குக் கடல்கோள் நினைவு அவைகளில் வளர்ந்தது. வேந்தனின் பெருமையையும் மொழியின் தொன்மையையும் சொன்னது. இரண்டும் நினைவுகளே, பணி வேறு. ஒன்றின் பணியை மற்றொன்று செய்ததாகக் காட்டுதல் ஆகாது.

7. நெய்தல்: கருதப்படாத சான்று

கடலோடு வாழ்ந்த குடிகளின் குரலைத் தமிழ் இலக்கியத்தில் தேடுவோர் செல்லவேண்டிய இடம் நெய்தல் திணை. குறுந்தொகை 269ஆம் பாடலில் கல்லாடனார் காட்டும் தலைவியின் குடும்பத்தை நோக்கலாம். தந்தை சுறா தாக்கிய புண் ஆறி மீண்டும் கடலுக்குச் சென்றுள்ளான். தாய் உப்பை விற்று நெல் பெற உப்பளத்திற்குச் சென்றுள்ளாள். வீட்டில் ஒருவருமில்லை என்பதைத் தலைவனுக்கு உணர்த்துவது அப்பாடலின் அகப்பொருள் நோக்கம். அந்நோக்கத்தினூடே ஒரு வாழ்க்கைமுறை முழுவதும் வெளிப்படுகிறது: கடல் காயப்படுத்துகிறது; காயம் ஆறியதும் அதே கடலுக்குச் செல்லவேண்டியிருக்கிறது; ஆண் நீரிலும் பெண் கரையிலும் உழைக்கின்றனர்; உணவுக்குரிய நெல் வேறு நிலத்திலிருந்து வரவேண்டும்.

பட்டினப்பாலையிலும் புகாரின் பரதவர் சினைச்சுறாவின் கோட்டினை நட்டுத் தெய்வமாக வழிபடுகின்றனர். அந்நாளில் கடலுக்குச் செல்லாது கரையில் மகிழ்கின்றனர். தம்மைத் தாக்கும் உயிரின் கொம்பே அவர்க்கு வழிபடுபொருள். கடலைப் பகையாகவும் தாயாகவும் மட்டும் காணும் பிற்கால உருவகங்களினும் இவ்வுறவு நுட்பமானது. 2004க்குப் பின் நாளிதழ்களிலும் கவிதைகளிலும் பெருகிய ‘கடலன்னையின் சீற்றம்’ என்னும் உருவகம், தாய் பிள்ளைகளைத் தண்டித்தாள் என்னும் கருத்தை உட்கொண்டது. தண்டனை என்றால் குற்றம் உண்டு. நெடுமுடிக்கிள்ளியின் பிழை இடம்பெயர்ந்து கரைவாழ் மக்கள்மேல் விழுகிறது. நெய்தற் பாடல்களில் இத்தகைய குற்றச்சாட்டு இல்லை.

தற்காலப் புனைகதையிலும் இவ்விழை தொடர்கிறது. 2004இல் வெளிவந்த ஜோ டி குருசின் ‘ஆழி சூழ் உலகு’ கடலோரப் பரதவர் வாழ்வைப் பேசும் நாவல். ஆழிப்பேரலையை அது பேசவில்லை. எனினும் பேரலை எதனை அழித்தது என்பதை அறிய அத்தகைய நூல்களே உதவுகின்றன. வலை, மரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றுக்குரிய சொற்களையும் கடன், உறவு, ஊர்க்கட்டுப்பாடு ஆகியவற்றையும் அறியாதவர் ஒரு மீனவர் குப்பத்தின் அழிவை எண்ணிக்கையால் மட்டுமே அறிவர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன இவை. கடல்கோள் கூறும் பனுவல்கள் ஒவ்வொன்றும் தத்தம் நோக்கிற்கேற்ப வெவ்வேறு இழப்புகளைக் கூறுகின்றன: களவியல் உரை நூலையும் அவையையும், சிலப்பதிகாரம் ஆற்றையும் மலையையும், கலித்தொகை அரசெல்லையையும், மணிமேகலை நகரையும் அதனின்று நீங்கிய சிலரையும் கூறுகின்றன. இவற்றை ஒரே நிகழ்வின் பதிவுகளாகத் தொகுத்தல் பனுவல்களின் தனித்தன்மையை அழிப்பதாகும். ஆழிப்பேரலை நிலத்தை நிலையாக மூழ்கடிப்பதன்று. ஆதலால் 2004 நிகழ்வு குமரிக்கோட்டுக்குச் சான்றாகாது. பண்டைய ஆழிப்பேரலைகளை அறிய மணலடுக்கும் அகழாய்வும் வழிகாட்டும்.

இம்மறுவாசிப்பு தொன்மையைக் குறைப்பதன்று. சங்க இலக்கியத்தின் தொன்மை அதன் மொழியாலும், கல்வெட்டு, அகழாய்வுச் சான்றுகளாலும் நிறுவப்படுவது. மூழ்கிய கண்டத்தின் துணை அதற்கு வேண்டுவதில்லை. வேண்டுவது வேறொன்று. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் முல்லைத்தீவிலும் கல்முனையிலும் தப்பியவர்களின் வாய்மொழிகள் அவர்கள் சொல்லிலேயே தொகுக்கப்பட்டு, நெய்தற் பாடல்களோடு ஒப்பவைத்துப் படிக்கப்படுதல் வேண்டும். அன்று பத்து வயதிலிருந்தோர் இன்று முப்பதைக் கடந்துள்ளனர். அன்று முதியோராயிருந்தவர் பலர் இன்றில்லை. களவியல் உரையாசிரியருக்குத் தம் காலத்துக்கு முந்திய நிகழ்வைக் குறித்துப் ‘போலும்’ என்றுதான் எழுத இயன்றது. இருபதாண்டுக்கு முந்திய நிகழ்வைக் கண்டோர் இருக்கையில் தமிழாய்வும் அவ்வாறே எழுத நேருமாயின், அதற்குக் கடலைக் காரணம் காட்டல் இயலாது.